வீட்டு டாக்டர் எங்கே போனார்?

"உங்கள் குடும்ப டாக்டர் யார்?" என்று யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் ஒரே பெயரைச் சட்டென்று சொல்ல முடியும்?

குழந்தைக்கு ஜுரம் என்றால் குழந்தை டாக்டர். மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் எலும்பு டாக்டர். மாமனாருக்குச் சர்க்கரைக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். நமக்கு மாதவிலக்குத் தொந்தரவு என்றால் லேடி டாக்டர். எல்லாரையும் சேர்த்தால் ஒரு கிரிக்கெட் டீமே அமைத்துவிடலாம்! ஆனால் 'எங்க டாக்டர்' என்று உரிமையோடு சொல்ல ஒருவர் உண்டா?

இதே கேள்வியை வீட்டில் இருக்கும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார். ஒரே பெயரைச் சொல்வார். கூடவே, "கைராசிக்காரர்! தொட்டாலே பாதி ஜுரம் இறங்கிடும்" என்றும் சேர்த்துக் கொள்வார்.

அந்த டாக்டர் எங்கே போனார்? ஏன் போனார்? அவருடைய இடத்தில் இப்போது யார் இருக்கிறார்? இது பழைய நாளை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கான கேள்வி மட்டுமல்ல, சகோதரிகளே. நம் குழந்தையும், பெரியவர்களும், நாமும் யார் கையில் நம்பி நம்மை ஒப்படைக்கிறோம் என்கிற கேள்வி.

கைப்பையும் கலர் மிக்ஸரும்

பழைய டாக்டரை முதலில் ஒரு தரம் பார்த்துவிடலாம். தெருக்கோடியில் ஒரு சின்ன டிஸ்பென்ஸரி. வாசலில் பெஞ்சு. உள்ளே திரைக்குப் பின்னால் கம்பவுண்டர். வீட்டிலிருந்து கழுவி எடுத்துப் போன பாட்டிலில் சிவப்போ, ரோஸோ, வெள்ளையோ ஒரு மிக்ஸர் ஊற்றித் தருவார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலின் மேல் ஒட்டுவார். காகிதத்தில் மடித்த நாலு மாத்திரை. "கஞ்சி குடிக்கலாம், தலைக்கு ஊத்தாதே!" அவ்வளவுதான் வைத்தியம்.

படுத்த படுக்கையாக இருந்தால் டாக்டரே கைப்பையோடு வீட்டுக்கு வருவார். வென்னீரும் சோப்பும் துண்டும் தயாராக இருக்கும். பார்த்து முடித்த பிறகு காப்பி. அவருக்கு அந்த வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு ரத்தக் கொதிப்பு, எந்த மருமகளுக்கு இரண்டு தரம் கர்ப்பம் கலைந்தது என்பதெல்லாம் தெரியும். வீட்டுக்காரருக்கு இந்த மாசம் சம்பளம் வரவில்லை என்பதும் தெரியும். ஃபீஸை அடுத்த மாதம் வாங்கிக் கொள்வார்.

இதெல்லாம் இனிப்பான நினைவுகள்தான். ஆனால் மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த மிக்ஸரில் என்ன இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாது, கேட்பதும் மரியாதையில்லை. நோய் இன்னதென்று டாக்டர் பெரும்பாலும் வீட்டு ஆம்பிளைகளிடம்தான் சொல்வார். படுத்திருக்கும் பெண்ணிடம் சொல்லமாட்டார். 'டாக்டருக்குத் தெரியும், நாம வாயை மூடிக்கணும்' என்பதே அன்றைய இலக்கணம். டாக்டரும் தம்மை அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தார். குடும்பத்துக்கு ஒரு பெரியப்பா மாதிரி. அன்பும் உண்டு, அதட்டலும் உண்டு. கேள்விக்கு மட்டும் இடம் கிடையாது.

எல்.எம்.பி. மறைந்த கதை

அந்தத் தெரு டாக்டர்களில் நிறையப் பேர் எல்.எம்.பி. படித்தவர்கள். இந்தப் பட்டத்தை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது. மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தால் பட்டதாரி டாக்டர். மருத்துவப் பள்ளியில் அதைவிடக் குறுகிய படிப்பு முடித்தால் எல்.எம்.பி. சென்னை மருத்துவக் கல்லூரி 1835ல் தோன்றியது. 1938ல் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லியோ, அதற்கு முன்னால் ராயபுரத்துப் பள்ளியாக எல்.எம்.பி.க்களை உருவாக்கிக் கொண்டிருந்தது.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், அதாவது 1946ல், சர் ஜோஸப் போர் தலைமையிலான குழு இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையின் கணக்குப்படி அப்போது நாடு முழுவதிலும் பதிவு செய்த டாக்டர்கள் சுமார் 47,500 பேர்தான். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் எல்.எம்.பி. வகையைச் சேர்ந்தவர்கள். குழுவில் பெரும்பான்மையோர், 'இனி இரண்டு தரத்து டாக்டர்கள் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே அடிப்படைப் படிப்பு போதும்' என்று சொன்னார்கள். அப்படியே ஆயிற்று. எல்.எம்.பி. பள்ளிகள் மெல்ல மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாயின.

அதே அறிக்கை இன்னொரு ஆசையையும் வெளியிட்டது. வருங்கால டாக்டர் நோய் வந்தபின் மருந்து கொடுப்பவராக மட்டும் இருக்கக்கூடாது; குடிதண்ணீர், சாப்பாடு, வீட்டுச் சூழ்நிலை எல்லாவற்றையும் பார்த்து நோய் வராமல் தடுக்கும் 'சமூக வைத்தியராக' இருக்க வேண்டும் என்று! 1952ல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். அம்மைத் தடுப்பும், போலியோ சொட்டு மருந்தும், கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் இந்த வழியாகத்தான் நம் வாசலுக்கு வந்தன.

ஆனால் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் கிராமத்துக்கும் தெருமுனைக்கும் போய்விடவில்லை. 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்ற சொல்லே ஒரு குறையைப் போல ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட எம்.டி.யா, எம்.எஸ்.ஸா என்று பார்க்கிற காலம் வந்தது. தெரு டாக்டரின் நாற்காலி அப்போதுதான் ஆட ஆரம்பித்தது.

கதவைத் தட்டிய மூன்று பேர்

டாக்டர் என்றால் ஆண்தான் என்று இருந்த நிலைமை எப்படி மாறிற்று என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

டாக்டருக்கு அடையாளமே கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்தான் இல்லையா? அது பிறந்ததே ஒரு பெண் நோயாளியிடம் ஏற்பட்ட சங்கோஜத்தால்! 1816ல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் வந்தாள். அந்தக் கால வழக்கப்படி மார்பில் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. காகிதத்தைக் குழல் போலச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். இருதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

நம் நாட்டில் கூச்சத்துக்குக் கொடுத்த விலை உயிராக இருந்தது. திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் டாக்டராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கடர். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரே இரவில் மூன்று கணவன்மார்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. "அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்ப்பதை மூவரும் ஒப்புக்கொள்ளவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். டாக்டராகும் எண்ணமே இல்லாமல் இருந்த ஐடா, அமெரிக்கா சென்று படித்து, 1900ல் டாக்டராகத் திரும்பினார். 1918ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலில் அங்கேயும் எல்.எம்.பி. படிப்புத்தான். 1942ல் எம்.பி.பி.எஸ். வந்தது. 1947ல்தான் ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது!

அதற்கும் முன்னாலேயே, 1875ல், சென்னை மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துக் கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். அவருடைய முயற்சியால் 1885ல் உருவானதுதான், இன்றைக்கும் திருவல்லிக்கேணிக்காரர்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அதே கல்லூரியில் 1912ல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, பிற்பாடு சட்டசபைக்குப் போனார். தேவதாசி ஒழிப்புக்குப் பாடுபட்டார். 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானார். டாக்டரின் வேலை ஆஸ்பத்திரிச் சுவரோடு முடிவதில்லை என்று வாழ்ந்து காட்டியவர் அவர்.

இன்று எந்த மருத்துவக் கல்லூரியிலும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். 'லேடி டாக்டர்' என்று தனியாகச் சொல்வதே பழைய பழக்கமாகிவிட்டது. ஒரு தொழிலின் முகமே மாறிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உறுப்புக்கு ஒரு டாக்டர்

1983ல் சென்னையில் அப்போலோ மருத்துவமனை திறக்கப்பட்டது. கம்பெனி நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி என்பது நமக்கு அதுவரை புதுசு. பிறகு இப்படிப் பல ஆஸ்பத்திரிகள் வந்தன. பைபாஸ் ஆபரேஷனும் சிறுநீரக மாற்றும் பம்பாய்க்கோ வெளிநாட்டுக்கோ போகாமலே நடந்தன. அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டம் 2009ல் தொடங்கி, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய பிறகு, ஏழைக் குடும்பங்களும் இந்தப் பெரிய வாசல்களுக்குள் நுழைய முடிந்தது. இதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் டாக்டருக்கு என்ன ஆயிற்று? சொந்த டிஸ்பென்ஸரியில் ராஜாவாக இருந்தவர், பெரிய நிர்வாகத்தில் ஒரு சம்பளக்காரர் ஆனார். எத்தனை மணிக்கு எத்தனை பேர் என்று டோக்கன் போடுவது வேறொருவர். பில் போடுவது வேறொருவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா என்று பார்ப்பது மற்றொருவர். நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கொண்டே கம்ப்யூட்டரிலும் தட்ட வேண்டும். பழைய டாக்டருக்கு நம் வீட்டுச் சமையல் வரைக்கும் தெரியும். புது டாக்டருக்கு நம் இருதயத்தின் இடது அறை வரைக்கும் தெரியும். இரண்டும் தெரிந்த ஒருவர் கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.

இதில் ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதுவார். பெரியவருக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று சர்க்கரை டாக்டருக்குத் தெரியும். எலும்பு டாக்டரிடம் நாம் சொல்லியிருக்க மாட்டோம். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. இரண்டு டாக்டரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நடுவில் முழு மனுஷனைப் பார்க்க ஆள் இல்லை.

இந்த இடத்தைப் பெரும்பாலான வீடுகளில் இப்போது நிரப்பிக் கொண்டிருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள்தான்! ஃபைலைத் தூக்கிக் கொண்டு போவது, எந்த மாத்திரை காலை, எது ராத்திரி என்று நினைவு வைப்பது, "இது அவருக்கு ஒத்துக்காது டாக்டர்" என்று சொல்வது எல்லாம் வீட்டு மருமகளும் அம்மாவும்தான். குடும்ப டாக்டர் செய்த வேலையில் பாதி, சம்பளமில்லாமல், படிப்பில்லாமல், நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

'எனக்குத் தெரியும்' என்பதிலிருந்து 'உங்களுக்குச் சொல்கிறேன்' வரை

டாக்டர்களின் மனப்போக்கை மாற்றியதில் கோர்ட்டுக்கும் பங்கு உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தது. கடையில் வாங்கிய மிக்ஸி ரிப்பேரானால் கேட்கலாம். வைத்தியம் தவறிப் போனால்? டாக்டர்கள் சங்கம், 'எங்கள் தொழில் வியாபாரம் அல்ல' என்று வாதாடியது. 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: பணம் வாங்கிக் கொண்டு செய்யும் வைத்தியம் இந்தச் சட்டத்துக்குள் வரும். எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களுக்கு மட்டும் விலக்கு.

பெண்களாகிய நாம் மறக்கக்கூடாத இன்னொரு தீர்ப்பு 2008ல் வந்தது. டில்லியில் 44 வயதான, மணமாகாத ஒரு பெண்மணி, அதிக ரத்தப்போக்கு என்று டாக்டரிடம் போனார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் அவர் முக்கியமாகச் சம்மதித்திருந்தார். மயக்க மருந்தில் இருந்தபோதே, வெளியே காத்திருந்த வயதான தாயிடம் சம்மதம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். விழித்துப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது! 'நல்லதுக்குத்தானே செய்தோம்' என்பது டாக்டர் தரப்பு. 'உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, விழித்தபின் அவரையே கேட்டிருக்கலாமே. அவர் உடம்பு, அவர் சம்மதம்' என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குப் போதிய அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பெரியப்பா மாதிரி முடிவெடுத்தவர், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியவராகிறார். பல வருஷப் பழக்கத்தை இப்படி மாற்றிக் கொள்வது எந்த மனுஷருக்கும் லேசானதில்லை. 'நான் சொன்னாக் கேட்கமாட்டேன்னா அப்புறம் எதுக்கு எங்கிட்ட வரே?' என்று இன்றும் எரிந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படம் போட்டுக் காட்டி, "யோசிச்சுட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்கிறவர்களும் பெருகி வருகிறார்கள். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே நோயாளியிடம் பேசுவது எப்படி, கெட்ட செய்தியைச் சொல்வது எப்படி, சம்மதம் கேட்பது எப்படி என்று கற்றுத்தருகிறார்கள். அதற்குப் பின் வந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் 'தத்து' எடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கவனித்து வரவேண்டும். கிட்டத்தட்டப் பழைய வீட்டு டாக்டரைப் பாடமாக வைத்துத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி இது!

ஊசி போடாத டாக்டர்

இன்னொரு மாற்றத்தையும் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் நல்ல டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும், கை நிறைய மாத்திரை கொடுக்க வேண்டும். இப்போது குழந்தைக்குச் சளி ஜுரம் என்று ஓடினால், "வைரஸ் ஜுரம்மா. ஆன்டிபயாட்டிக் வேண்டாம். பாரசிட்டமால் கொடுங்க, நிறையத் தண்ணி கொடுங்க, மூணு நாள் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார். வெளியே வந்ததும் நமக்கு ஒரே குறை. "ஃபீஸ் மட்டும் வாங்கிட்டார், ஒண்ணுமே குடுக்கலையே!"

உண்மையில் அவர் கொடுத்ததுதான் உயர்ந்த வைத்தியம். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. வீணாகக் கொடுத்துப் பழகினால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. மருந்து எழுதுவதைவிட, வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்கு அதிக தைரியம் வேண்டும். நாம் முகத்தைச் சுளித்து வேறு கிளினிக் பார்த்துப் போனால் அந்தத் தைரியம் எத்தனை நாள் நிற்கும்? ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். 'எந்த அறிகுறி வந்தா உடனே கொண்டுவரணும்?' என்று கேட்டுக் கொள்ளாமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். மூச்சு வாங்குதல், பால் குடிக்காமை, ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது.

போனில் வந்த டாக்டர்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்த அதே வாரத்தில், போனிலும் வீடியோவிலும் வைத்தியம் சொல்வதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. நாடி பிடித்துப் பழகிய கைக்கு, திரையில் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு பெரிய மாற்றம்! போனில் பார்த்தால் போதுமா, நேரில் வரவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை டாக்டருக்கு உண்டு. "நேரில் வாங்க" என்று அவர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்காகக் கேட்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் ஆலோசனை தரலாம் என்பதும் விதி. தூக்க மாத்திரை, போதை மருந்து வகையைச் சேர்ந்த சிலவற்றைப் போனில் எழுதிக் கொடுக்கவே முடியாது.

அடுத்த வருஷம், 2021 ஆகஸ்டில், தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரை வீடு தேடி வருகிறது. அழுத்தம் பார்ப்பது நம் தெருவிலேயே இருக்கும் பெண் தன்னார்வலர். கைப்பையோடு வீட்டுக்கு வந்த டாக்டரின் இடத்தில் இன்று வருவது ஒரு சகோதரி! டாக்டர் ஒருவரே எல்லாம் என்ற காலம் போய், நர்ஸ், தன்னார்வலர், பிசியோதெரபி செய்பவர் என ஒரு கூட்டமாக வைத்தியம் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் தாமும் ஒருவர் என்று ஏற்றுக்கொள்ள டாக்டர்களும் பழகி வருகிறார்கள்.

பயம் இரண்டு பக்கமும்

நாம் டாக்டரைக் கண்டு பயப்படுகிறோம். டாக்டர் நம்மைக் கண்டு பயப்படுகிறார் என்றால் நம்புவீர்களா? 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், புற்றுநோய் டாக்டர் ஒருவரை ஒரு நோயாளியின் மகனே கத்தியால் குத்திவிட்டான். டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்தும், நிலைமை இப்படி. அம்மாவுக்கு என்ன ஆகிக் கொண்டிருக்கிறது என்று புரியாத தவிப்பு கோபமாகிறது. கோபத்தைக் கண்டவர் இன்னும் குறைவாகப் பேசுகிறார். குறைவாகப் பேசினால் சந்தேகம் வளர்கிறது. இந்தச் சுழலில் கடைசியில் அடிபடுவது நோயாளிதான்.

பிரசவத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவிகிதத்துக்கும் மேலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. திண்டிவனத்தில் அன்று நடந்ததை நினைத்தால் இது எவ்வளவு பெரிய சாதனை! ஆனால் அதே கணக்கெடுப்பில், நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். இவற்றில் தாய்க்கோ குழந்தைக்கோ உயிர் காத்தவை நிறைய உண்டு. எல்லாமே அப்படித்தானா என்ற சந்தேகமும் நம் மனசில் உண்டு. மனசுக்குள்ளேயே வைத்துக் கொண்டு வெளியில் வந்து பழி சொல்வதைவிட, ஏழாவது மாசத்திலேயே, "எந்தெந்தக் காரணத்துக்கு ஆபரேஷன் பண்ணுவீங்க டாக்டர்? எனக்கு அப்படி ஏதாவது இருக்கா?" என்று அமைதியாகக் கேளுங்கள். நிதானமான நாளில் கேட்ட கேள்விக்கு நிதானமான பதில் கிடைக்கும். வலி எடுத்த பிறகு இருவருக்கும் பேச நேரமிராது.

நாம் என்ன செய்யலாம்?

டாக்டர்கள் மாறிக் கொண்டிருக்கிறார்கள். நாமும் கொஞ்சம் மாறலாமே!

முதலாவது, வீட்டுக்குப் பக்கத்தில் பொது வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரை அடிப்படை டாக்டராக வைத்துக் கொள்ளுங்கள். எந்த ஸ்பெஷலிஸ்டைப் பார்த்தாலும் திரும்பி வந்து அவரிடம் சீட்டைக் காட்டுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டராகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, ஏற்கெனவே இருக்கும் நோய், இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும். நாட்டு மருந்து, சத்து மாத்திரைகூட விட்டுப் போகக் கூடாது. குழந்தை நோட்டில் தடுப்பூசித் தேதிகளும் எடையும். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ, எந்த டாக்டரிடமும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, போகும்போது மூன்று கேள்வியை எழுதிக் கொண்டு போங்கள். எனக்கு என்ன? இந்த மருந்து அல்லது டெஸ்ட் எதற்கு? வேறு வழி உண்டா? பத்துக் கேள்வி கேட்டால் டாக்டர் மிரளுவார். மூன்று கேட்டால் மகிழ்வார்.

நான்காவது, மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். மருந்தின் பெயரும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். புரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றால், உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002ஆம் வருஷத்து நடத்தை விதிகள் சொல்கின்றன. இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்க இது அவசியம்.

ஐந்தாவது, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். வீட்டுக்காரரோ மாமியாரோ போடட்டும் என்று விடாதீர்கள். உங்கள் உடம்புக்கு உங்கள் கையெழுத்து.

ஆறாவது, தவறு நடந்தது என்று நிஜமாகவே தோன்றினால், குறிப்புகளோடு இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கை ஓங்குவதும் கூச்சல் போடுவதும் நம் பக்கத்து நியாயத்தையே கெடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு ஜுரம் இறங்கிவிட்டது, பெரியவர் எழுந்து நடக்கிறார் என்றால் அதை நாம் டாக்டரிடம் போய்ச் சொல்வதே இல்லை. கஷ்டம் வந்தால்தான் ஞாபகம் வரும். அடுத்த தடவை அந்தப் பக்கமாகப் போகும்போது எட்டிப் பார்த்து, "குழந்தை நல்லா இருக்கான் டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எந்தப் பாடத்திட்டமும் எந்தச் சட்டமும் டாக்டருக்குக் கொடுக்க முடியாத மருந்து அது.